ஒரகடத்தில் முதல் மாதம்

(சுங்குவார்சத்திரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



வெளிநாடு போய்வந்தவர்கள் மேடையேறி, அங்கே கண்டதையும் கேட்டதையும் சொல்வது நம் கூட்டங்களில் பழைய வழக்கம். மாஸ்கோ போனவர் மாஸ்கோவைப் பற்றிச் சொன்னார். பீக்கிங் போனவர் பீக்கிங்கைப் பற்றிச் சொன்னார். நான் எங்கும் போகவில்லை. என்னிடம் பாஸ்போர்ட்டும் இல்லை. இருந்தாலும் இன்று மாலை ஓர் அந்நிய நகரத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அது இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம், ஒரகடம் என்று நீண்டு கிடக்கிறது. உங்களுக்கு அது பிறந்து வளர்ந்த மண். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து இறங்குகிற பிள்ளைகளுக்கு அது லண்டன் மாதிரி. லண்டன் போகிறவனுக்காவது நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிந்திருக்கும்.

சில வருஷங்களாக நான் இவர்களோடு டீக்கடையில் உட்கார்ந்து பேசி வருகிறேன். என் ஹிந்தி அரைகுறை. அவர்களில் பாதிப் பேருடைய ஹிந்தியும் அரைகுறைதான். ஒடியாக்காரனுக்கும் வங்காளிக்கும் ஹிந்தி தாய்மொழியா என்ன? நாம்தான் எல்லோரையும் சேர்த்து "ஹிந்திக்காரன்" என்று ஒரே கயிற்றில் கட்டிவிட்டோம். பேச்சு எப்படியோ நடக்கிறது. எல்லோரிடமும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "தம்பி, வந்த முதல் மாதம் இங்கே என்ன பார்த்தாய்?" அவர்கள் சொன்னதை உங்கள் முன் வைக்கிறேன்.

பீகாரில் பூர்ணியா பக்கத்துப் பையன் ஒருவன். வயது 20 இருக்கும். இரண்டு இரவு, ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில், கதவோரம் குந்தியபடி வந்தவன். சென்ட்ரலில் இறங்கியதும் வேனில் ஏற்றினார்கள். வேன் ஓடிற்று, ஓடிற்று, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிற்று. இறக்கிவிட்ட இடத்தில் ஒரு ஏரி, ஒரு நீளமான மதில், ஒரு பெட்டிக்கடை. அவன் கேட்ட முதல் கேள்வி: "சென்னை எங்கே?" கூட்டிவந்தவன், "இதுதானடா சென்னை" என்றானாம். சென்னையில் கடல் உண்டு, மாடிக் கட்டடங்கள் உண்டு என்று சினிமாவில் பார்த்திருக்கிறான். இங்கே மாடு மேய்கிறது. அன்றிரவு தாயாருக்கு டெலிபோன் செய்து சொன்னான்: "அம்மா, நம் ஊர் மாதிரிதான் இருக்கிறது. மதில் மட்டும் அதிகம்."

நம் பகுதியை இதைவிடச் சுருக்கமாக வர்ணிக்க என்னால் முடியாது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடிக்கொண்டும் போயிற்று. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் கார், 2012-ல் டைம்லர் லாரி, 2013-ல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள். நாலு சக்கரம், ஆறு சக்கரம், இரண்டு சக்கரம் என்று உலகத்துக்கே செய்து அனுப்புகிறோம். ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு ரயில் நிலையம் கிடையாது! ரயிலில் வருகிறவன் சிங்கப்பெருமாள் கோவிலிலோ திருவள்ளூரிலோ இறங்கி பஸ் தேட வேண்டும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக இதைப் பார்த்துப் பார்த்து நமக்கு மரத்துப்போயிற்று. புதிதாக வந்தவனுக்கு முதல் நாளே கண்ணில் படுகிறது.

அந்தப் பையன் வந்தது அக்டோபர் மாதம். அவர்கள் ஊரில் ஆனியில் பிடிக்கிற மழை புரட்டாசியோடு ஓய்ந்துவிடும். மழை முடிந்தது என்று நிம்மதியாக ரயிலேறியவனை இங்கே ஐப்பசி மழை வரவேற்றது. "ஒரே வருஷத்தில் இரண்டு மழைக்காலம் பார்த்தேன் அண்ணா, குளிர்காலம் ஒன்றுகூடப் பார்க்கவில்லை" என்றான். மார்கழியில் நம் கிழவர்கள் காதை மூடி மப்ளர் கட்டிக்கொள்வதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு தாளவில்லை.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் மெஸ்ஸில் சாம்பார் ஊற்றினார்களாம். "பருப்பில் யாரோ தெரியாமல் புளியைக் கொட்டிவிட்டார்கள்" என்று நினைத்து, சொல்லத் தயங்கிச் சாப்பிட்டு எழுந்தான். மறுநாளும் புளிப்பு. மூன்றாம் நாள்தான் இது தவறல்ல, இந்த நாட்டு வழக்கம் என்று விளங்கிற்று. நமக்கு அவர்களுடைய கடுகெண்ணெய் வாசனை ஆகவில்லை. "என்ன எண்ணெயோ, தெருவே நாறுகிறது" என்று வீட்டுக்காரம்மா சத்தம் போடுகிறார். இன்றைக்கு ஒரகடம் மளிகைக் கடைகளில் அந்த எண்ணெய் பாட்டில் வரிசையாக நிற்கிறது. வியாபாரிக்கு மூக்கு கிடையாது!

ஆனால் ஒடிசாவில் பாலேஸ்வர் ஜில்லாவிலிருந்து வந்த ஓர் அம்மாள் வேறு கதை சொன்னார். வந்த நாலாம் நாள், பக்கத்து வீட்டுக் கிழவி திண்ணையில் உட்கார்ந்து பழைய சோற்றைப் பிசைந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். அவர்கள் ஊரில் இதற்குப் பெயர் பகாளா. ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி, காலையில் அதே வெங்காயம், அதே மிளகாய். வெயில் காலத்தில் ஏழையின் ஆகாரம் அங்கேயும் அதுதான். கிழவிக்கு ஒடியா தெரியாது, இவருக்குத் தமிழ் தெரியாது. கிழவி ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். இந்த ஊரில் அந்த அம்மாளுக்குக் கூலி, வாடகை, கணக்கு எதுவும் பேசாமல் ஒருவர் நீட்டிய முதல் பொருள் அந்தக் கிண்ணம்.

அதே அம்மாள் இன்னும் இரண்டு சொன்னார். அதையும் சொல்லிவிட வேண்டும், குறை மட்டுமே சொன்னேன் என்று இருக்கக் கூடாது. சாதாரண டவுன் பஸ்ஸில் ஏறிப் பணத்தை நீட்டினார். கண்டக்டர் வாங்கவில்லை, சீட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். கணக்குத் தவறிவிட்டது, இறங்கும்போது அபராதம் போடுவார்கள் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தாராம். 2021 மே மாதம் முதல் இங்கே சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, எந்த ஊர்ப் பெண் என்று யாரும் கேட்பதில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது, 7 வயதுப் பெண்ணை அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். காலைச் சாப்பாடும் கிடைத்தது, மத்தியானம் முட்டையும் கிடைத்தது. மகள் வீட்டுக்கு வந்து, "பசிக்கவில்லை" என்றாள். உடம்புக்கு என்னமோ என்று தாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அந்தப் பெண் ஆறு மாதத்தில் தமிழ் பேசிவிட்டது. இப்போது கடையில் கத்தரிக்காய் விலை பேசுவது அதுதான்.

மொழி என்றதும் ஒரு விசேஷம் சொல்ல வேண்டும். ஜார்க்கண்டில் கும்லா, லோஹர்தகா ஜில்லாக்களிலிருந்து ஒராவோன் என்னும் பழங்குடி மக்கள் இங்கே வேலைக்கு வருகிறார்கள். நாம் அவர்களையும் ஹிந்திக்காரன் என்கிறோம். அவர்கள் வீட்டில் பேசுவது குருக் என்ற மொழி. அது தமிழுக்கு உறவான மொழி, நம் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு நாள் அவர்களில் ஒருவனைச் சும்மா கேட்டேன், உங்கள் மொழியில் கண்ணுக்கு என்ன சொல்வாய் என்று. "கன்ன்" என்றான். பல்லுக்கு? "பல்ல்". மூன்றுக்கு? "மூந்த்". உனக்கு? "நீன்" என்றால் நீ. "ஏன்" என்றால் நான். அவன் தன்னைச் சொல்லிக்கொள்கிறான், நாம் கேள்வி கேட்கிறான் என்று நினைத்துக்கொள்கிறோம்! ஆயிரம் மைல் தள்ளி, சோட்டா நாகபுரி மேட்டில், நமக்கு இப்படி ஒரு பங்காளி இருக்கிறான். அவன் நம் தெருவில் நடந்து போகிறான், நம் பையன்கள் பின்னாலிருந்து "டேய் வடக்கா" என்று கூப்பிடுகிறார்கள்.

அறையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலரே அறை கட்டி வாடகைக்கு விட்டவர்கள். நிலம் சிப்காட்டுக்குப் போயிற்று, வந்த பணத்தில் தகரம் போட்டு நாலு அறை கட்டினீர்கள், அதுதான் இப்போது உங்கள் விளைச்சல். அதை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஓர் அறையில் 10 பேர். பகல் ஷிப்டு 5, இரவு ஷிப்டு 5. பாய் ஐந்துதான். ஒருவன் எழுந்ததும் இன்னொருவன் படுக்கிறான், பாயில் சூடு ஆறுவதில்லை. வாடகையோ அறைக்கு அல்ல, தலைக்கு இவ்வளவு. மாடு கட்டினால்கூடக் கொட்டகைக்குத்தானே வாடகை, மாட்டுக்கா? யோசித்துப் பாருங்கள்.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 படுக்கைகள் கொண்ட பெண் தொழிலாளர் விடுதியை அரசாங்கம் திறந்தது. அது நல்ல காரியம். படுக்கை எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரியும், வேலைக்காக ஊரை விட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்று. தமிழ்நாட்டுப் பெண் பிள்ளைகளும் அதில் அடக்கம். நோக்கியா காலத்தில் விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்த பெண்களைக் கேளுங்கள், முதல் மாதம் எப்படி இருந்தது என்று. அவர்கள் பேசியது தமிழ்தான். இருந்தும் பாத்ரூமில் நின்று அழுதவர்கள் உண்டு.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். ஒராவோன் தோழன் என்னை ஒரு கேள்வி கேட்டான்: "அண்ணா, உங்கள் ஊர் ஒன்றுதானே, ஏன் இரண்டு பெயர்? ஒரு பக்கத்தை ஊர் என்கிறீர்கள், இன்னொரு பக்கத்தைக் காலனி என்கிறீர்கள். நடுவே ரோடுதானே இருக்கிறது?" அவனுக்கு அறை கிடைத்தது காலனியில். ஊர்ப் பக்கம் போனபோது, "நீ என்ன ஆளு?" என்று கேட்டார்களாம். அவனுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாத காலம். ஆனாலும் அந்தக் கேள்வி உடனே விளங்கிவிட்டது. அவன் ஊரிலும் அதே குரலில்தான் கேட்பார்களாம்.

பெயர்ப்பலகைகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹோட்டல் வாசல்களில் கொரிய எழுத்தில் பலகை தொங்குகிறது. கொரியாவிலிருந்து வருகிற என்ஜினீயரும் இங்கே புதியவர்தான், அவருக்கும் சாம்பார் புளிக்கத்தான் செய்யும். அவரை விமான நிலையத்தில் கார் எதிர்கொள்கிறது, கூடவே மொழிபெயர்ப்பாளர் வருகிறார், அவர் எழுத்தில் பலகை இருக்கிறது. வரட்டும், சந்தோஷம். ஆனால் பவர் பிரஸ் அடியில் கையை விடுகிறவனுக்கு அவன் எழுத்தில் ஒரு பலகை உண்டா? உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் ஓர் ஒடியாப் பையனுக்கு இரண்டு விரல் போயிற்று. இயந்திரத்துக்கு மேல் எச்சரிக்கைப் பலகை இருந்தது. சிவப்பு எழுத்து, அழகான எழுத்து, தமிழிலும் இங்கிலீஷிலும். "படம் என்று நினைத்தேன்" என்றான் அவன்.

தோழர்களே, முதல் மாதத்தில் இவர்களோடு பேசுகிற மனிதன் யார்? அதுதான் இந்தக் கதையில் ஆணிவேர். நாம் பேசுவதில்லை. கம்பெனி பேசுவதில்லை. பேசுகிறவன் ஒருவன்தான். பீகாரில் அவனை டேக்கேதார் என்கிறார்கள், ஒடிசாவில் சர்தார் என்கிறார்கள், இங்கே கான்ட்ராக்டர், ஏஜென்ட். இந்த நாடு எப்படிப்பட்டது, இங்கே சட்டம் என்ன, கூலி என்ன, யாரோடு சேரலாம், யாரோடு சேரக் கூடாது எல்லாம் அவன் சொன்னதுதான் வேதம். "உள்ளூர்க்காரனோடு பேசாதே, அடிப்பான்" என்பது அவன் நடத்துகிற முதல் பாடம்.

அவன் சொல்கிற கூலிக் கணக்கைப் பாருங்கள். பூர்ணியாப் பையனுக்கு 12 மணி நேர வேலை. மணிக்கு இவ்வளவு என்று 12 மணிக்கும் ஒரே கூலி. ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், புதிய சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. 8 மணிக்கு எட்டு, மீதி 4 மணிக்கு இரட்டிப்பாக எட்டு, மொத்தம் 16 மணிக் கூலி வரவேண்டும். வருவது 12. நாளைக்கு 4 மணிக் கூலி காணோம். மாதம் 26 நாள் வேலை என்றால் 104 மணி. 104 மணி என்றால் 13 நாள் கூலி! இரண்டு மாதத்தில் ஒரு முழு மாதச் சம்பளம் மாயமாகிறது. இதைத் தரையில் குச்சியால் எழுதிக் காட்டினேன். அவன் ரொம்ப நேரம் அந்தக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இதை முதல் மாதமே ஏன் யாரும் சொல்லவில்லை?" என்றான்.

உங்கள் வீட்டுப் பையன் ஐ.டி.ஐ. படித்துவிட்டு கேட்டில் போய் நிற்கிறான். "இடம் இல்லை" என்கிறார்கள். இவன் 16 மணிக் கூலி கேட்பான் என்று அவர்களுக்குத் தெரியும். கணக்குத் தெரியாதவனுக்குத்தான் அந்தக் கேட் திறக்கிறது. கணக்கு அவனுக்கும் தெரிந்துவிட்டால் அப்புறம் யாருக்கு யார் போட்டி?

இந்த ஏஜென்ட் நமக்குப் புதியவனா? நம் பாட்டன்மாரைக் கேட்க முடிந்தால் சொல்வார்கள், அவன் பெயர் கங்காணி. திருச்சி, சேலம், ராமநாதபுரம் ஜில்லாக்களில் பஞ்சம் வந்தபோதெல்லாம் கங்காணி வந்தான். "கண்டியில் தேங்காய்க்கும் மாசிக்கும் குறைவில்லை" என்றான். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள் நம் ஜனங்கள். வழியில் காலராவில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. போய்ச் சேர்ந்தால் லயத்துக் காம்பிரா, ஓர் அறைக்குள் ஒரு கூட்டம். கங்காணியிடம் வாங்கிய கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, அந்தக் கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டம் போகலாம் என்று கட்டினார்கள். அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921 வரை ஆயிற்று. அங்கே நூறு வருஷம் தோட்டங்களில் உழைத்த பிறகும், 1948-ல் சட்டம் போட்டு, "நீ இந்த நாட்டான் இல்லை" என்றார்கள். பீஜித் தீவில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதியார் பாடிவைத்திருக்கிறார், பள்ளிக்கூடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். இன்றைக்கும் புதுக்கோட்டை, சிவகங்கைப் பிள்ளைகள் சிங்கப்பூர் விடுதிகளில் அடுக்குக் கட்டில்களில் படுக்கிறார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது அந்த விடுதிகளை மாதக்கணக்கில் பூட்டிவைத்தார்கள். நம் வீட்டுப் பிள்ளை அங்கே போய் இறங்கிய முதல் மாதம் அவனோடு யார் பேசியிருப்பார்கள் என்று எந்தத் தாயாவது நினைக்காமல் இருந்திருப்பாளா?

சட்டம் இல்லையா என்பீர்கள். ஒடிசாவில் "தாதன்" என்று முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் கொடுமை பெரிதாகப் பேசப்பட்டு, 1979-ல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளருக்கென்று மத்திய சட்டம் ஒன்று வந்தது. போட்டோ ஒட்டிய பாஸ் புத்தகம், வந்துபோக ரயில் சார்ஜ், ஊரை விட்டு வருவதற்கு மாதக் கூலியில் பாதிக்குக் குறையாத ஒரு படி, இத்தனையும் அதில் இருந்தது. நான் பேசிய பிள்ளைகளில் ஒருவன்கூட அந்தப் பாஸ் புத்தகத்தைக் கண்ணால் கண்டதில்லை. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து, அந்தப் பழைய சட்டம் அதற்குள் போய்விட்டது. ஏஜென்ட் இல்லாமல் தானாக வந்தவனையும் புதுச் சட்டம் கணக்கில் சேர்க்கிறது, அது ஒரு முன்னேற்றம். ஊர் போய்வரும் செலவும் அதில் உண்டு. ஆனால் ஊரை விட்டு வருவதற்கான அந்தப் படி மறைந்துவிட்டது. காகிதத்தில் இருந்தபோது கிடைக்காதது, காகிதத்திலும் இல்லை என்றால் எங்கே கிடைக்கும்?

நம்மைப் பற்றிய பயம் எப்படி விதைக்கப்படுகிறது என்பதற்கு 2023 மார்ச் மாதம் சாட்சி. தமிழ்நாட்டில் பீகாரிகளை வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோக்களைப் பரப்பினார்கள். வேறு எங்கோ, வேறு எதற்கோ நடந்த சண்டைகளை எடுத்து ஒட்டியது. பீகார் அரசாங்கம் அதிகாரிகளை அனுப்பிப் பார்த்தது, அப்படி ஒன்றுமில்லை என்று தெரிந்தது. ஆனால் அந்த நாலைந்து இரவுகள்? பூர்ணியாப் பையனுடைய அறைத்தோழனுக்கு அவன் மனைவி ராத்திரியெல்லாம் போன் செய்து, "உயிரோடு இருக்கிறாயா, முகத்தைக் காட்டு" என்று அழுதிருக்கிறாள். எதிர் வீட்டு மாரியம்மன் கோயில் பூசாரியை இழுத்துவந்து போனில் காட்டினானாம், "இவர்கள்தான் இங்கே இருப்பவர்கள், பார்" என்று. பூசாரி என்ன ஏதென்று புரியாமல் கும்பிட்டார். மூன்று மாதம் கழித்து, ஜூன் 2-ம் தேதி, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பாலேஸ்வர் பக்கத்தில் விபத்துக்குள்ளாகி 290 பேருக்கு மேல் மாண்டார்கள். ஏராளமானவர்கள் கூலி வேலைக்குக் கிளம்பி வந்தவர்கள். நம்மைப் பார்க்காமலே போய்விட்டார்கள்.

வயல்காட்டுத் தாய்மார்கள் முகத்தைப் பார்க்கிறேன். "கம்பெனிக் கதை எங்களுக்கு எதற்கு, எங்கள் நடவு போயிற்றே, அதைச் சொல்" என்கிற முகம். நியாயம். மேற்கு வங்கத்திலிருந்து ஆண்கள் குழுவாக வருகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி, விடிந்ததும் இறங்கி நட்டு முடிக்கிறார்கள். தஞ்சைப் பக்கம் தொடங்கியது இங்கேயும் வந்துவிட்டது. நடவு என்பது பெண்களுக்கு வருஷத்தில் உறுதியாகக் கிடைக்கிற சில நாள் கூலி. அது போனால் வயிறு எரியத்தான் செய்யும். எரியக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். கீழத்தஞ்சையில் அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்டபோது மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? வெளியாட்களை இறக்கினார்கள். அந்தத் தகராறு முற்றித்தான் 1968 டிசம்பர் 25 ராத்திரி வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அன்றைக்கு இறக்கிய வெளியாள் வங்காளியா? பீகாரியா? பக்கத்து ஊர்த் தமிழன். நம் மாதிரியே பேசுகிறவன், நம் மாதிரியே பழைய சோறு குடிக்கிறவன். கூலியைக் குறைக்க வெளியாள் வேண்டும் என்றால் நாலு மைலிலும் கிடைப்பான், ஆயிரம் மைலிலும் கிடைப்பான். வாலாஜாபாத் பக்கம் வரப்பில் உட்கார்ந்து ஒரு வங்காளித் தோழனைக் கேட்டேன், ஏக்கர் பணத்தில் உன் கைக்கு என்ன வருகிறது என்று. கூட்டிவந்தவனுக்குப் போக, ரயிலுக்குப் போக, அரிசிக்குப் போக என்று விரல் விட்டு எண்ணினான். மிஞ்சியதைக் கேட்ட நம் ஊர் அம்மாள் ஒருவர், "அட பாவி, எனக்குக் கொடுக்கிற கூலிகூட உனக்கு இல்லையா!" என்றார். அவன் சிரித்தான். அந்த வரப்பில் இரண்டு பேருடைய கூலியும் என்ன என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது அன்றைக்குத்தான்.

சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், இதே பகுதியில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அப்போது புதிதாக வந்திருந்த ஒரு அஸ்ஸாம் பையன் பஸ்ஸிலிருந்து பந்தலைப் பார்த்துவிட்டு, "அண்ணா, யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டான். தினமும் அதே பந்தல், அதே கூட்டம். "உங்கள் ஊரில் கல்யாணம் இத்தனை நாளா நடக்கும்?" விஷயத்தை விளக்கினேன். அவன் நம்பவில்லை. வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தால் வேலையை விட்டுத் துரத்திவிடுவார்களே, ஏஜென்ட் அப்படித்தானே சொன்னான்? அடுத்த ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவானபோது அவனே வந்து கேட்டான், "பந்தல்காரர்கள் என்ன ஆனார்கள்?" என்று. சொன்னேன். அன்றைக்கு டீக்குக் காசு அவன் கொடுத்தான்.

நேரமாகிவிட்டது, கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். காரியத்தைச் சொல்லி முடிக்கிறேன். 2020 அக்டோபர் முதல் வெளிமாநில ரேஷன் கார்டுக்கும் நம் ரேஷன் கடையில் அரிசி வாங்கலாம். மத்தியத் திட்டக் கார்டாக இருக்க வேண்டும், ஆதார் சேர்ந்திருக்க வேண்டும், விரல் ரேகை வைக்க வேண்டும். கார்டு ஊரில் பெண்டாட்டியிடம் இருந்தாலும் பரவாயில்லை, நம்பர் போதும். இவன் பங்கை இங்கே வாங்கலாம், மீதியைக் குடும்பம் அங்கே வாங்கலாம். தலைக்கு 5 கிலோ, 2023 முதல் காசு கிடையாது. அறையில் 10 பேருக்கு 50 கிலோ. இது தெரியாமல் கடையில் விலை கொடுத்து வாங்கித் தின்கிறார்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளி பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி பங்கு மூணேகால் ரூபாய். முக்கால் ரூபாயைப் பிடித்துக்கொண்டு நம்பர் கொடுக்காத கான்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். நம்பரைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு, ஒரகடம் மேம்பாலத்தின் கீழ் டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்திருப்போம். அறை வாடகைக்கு விட்டிருக்கிறவர்கள் உங்கள் அறைப் பிள்ளைகளை அனுப்புங்கள், ஆதார் அட்டையும் சம்பளச் சீட்டும் கொண்டுவரட்டும். முடிந்தால் நீங்களும் கூடவே வாருங்கள், பயப்படாமல் வருவார்கள். பாலேஸ்வர் அம்மாளும் மகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒடியாவுக்கு மொழிபெயர்ப்பாளர் அந்த 7 வயதுப் பெண்தான். பள்ளிக்கூடம் இல்லாத நாளாகப் பார்த்து ஞாயிறு என்று அதுவே சொல்லிவிட்டது.